ஜெர்மனியில் வனவியல் முதுகலை: ஃப்ரைபர்க்கா, கோட்டிங்கனா?

கேள்வி இது: "சொந்த ஊர் குன்னூர். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் பி.எஸ்சி. முடித்திருக்கிறேன். ஜெர்மனியில் ஃப்ரைபர்க், கோட்டிங்கன் இரண்டு பல்கலைக்கழகங்களிலும் முதுகலைக்கு இடம் கிடைத்திருக்கிறது. கல்விக் கடன் வாங்கித்தான் போக வேண்டும். ஃப்ரைபர்க் மலையடிவார ஊர், நம்ம ஊர் மாதிரியே இருக்கும், அங்கேயே போ என்கிறார் அப்பா. எதைத் தேர்ந்தெடுப்பது?"

நான் கோத்தகிரிக்காரி. அதே மேட்டுப்பாளையம் கல்லூரியில் படித்துவிட்டு முதுகலையைக் கோட்டிங்கனில் முடித்தவள். அதனால் என் பதில் கொஞ்சம் கோட்டிங்கன் பக்கம் சாயும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள். கல்லூரித் தோழி ஒருத்தி அதே சமயம் ஃப்ரைபர்க்கில் படித்தாள். லீவு கிடைத்தால் அவள் அறைக்கு நான் போவேன், இல்லாவிட்டால் அவள் வருவாள். அந்த ஊரும் எனக்கு ஓரளவு பழக்கம்தான்.

அப்பா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஃப்ரைபர்க் பார்த்தவுடன் பிடித்துப்போகிற ஊர். பழைய நகரத்துக்குள் தெருவோரம் சின்னச் சின்ன வாய்க்கால்களில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். டிராம் பிடித்து, அப்புறம் ஒரு பஸ் ஏறினால் ஷாவின்ஸ்லாண்ட் மலைக்குப் போகும் ரோப் கார் அடிவாரம். ஊருக்குப் பின்னாலேயே பிளாக் ஃபாரஸ்ட், பேக்கரி கேக்கால் நமக்கெல்லாம் பெயர் தெரிந்த அதே காடு. ஆனால் அப்பாவிடம் ஒன்று சொல்லிப் பாருங்கள்: அந்தக் காட்டுப் பகுதி முழுவதிலும் உயரமான ஃபெல்ட்பெர்க் சிகரம் 1,493 மீட்டர். உங்கள் குன்னூர் பஸ் ஸ்டாண்டே அதைவிட உயரத்தில் இருக்கிறது. ஃப்ரைபர்க் ஊர் 300 மீட்டர் சுமாருக்குத்தான் வரும். மலையைப் பார்க்கிற ஊர் அது, மலை மேல் இருக்கிற ஊர் இல்லை.

குளிரைப் பற்றி நம்மூர்க்காரர்களுக்கு ஒரு தைரியம் உண்டு. "ஜனவரி உறைபனியில் ஊட்டி பக்கத்துத் தலைக்குந்தாவில் நின்றவங்களுக்கு ஜெர்மனி என்ன செய்துவிடும்" என்று நானும் கேட்டிருக்கிறேன். குளிர் ஒன்றும் செய்யாது, சரிதான். நம் வீடுகளில் வெளியே இருக்கிற குளிர் உள்ளேயும் இருக்கும். அங்கே வீட்டுக்குள் ஹீட்டர் போட்டுவிட்டு டி-ஷர்ட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். ஆளை அசைத்துப் பார்ப்பது இருட்டு. கோட்டிங்கனில் டிசம்பரில் காலை எட்டு மணி தாண்டித்தான் விடியும், மாலை நாலேகாலுக்கெல்லாம் சூரியன் போய்விடும். அந்தச் சில மணி நேரமும் பல நாள் சாம்பல் நிற வானம்தான். இதில் ஃப்ரைபர்க்குக்கு நிஜமாகவே முன்னிலை உண்டு, ஜெர்மனியிலேயே வெயில் அதிகம் கிடைக்கிற, கதகதப்பான ஊர்களில் ஒன்று அது. வெயில் இல்லாவிட்டால் மனசு சோர்ந்துபோகிற ஆள் நீங்கள் என்றால், மற்ற கணக்கை எல்லாம் போடும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சின்ன விஷயம் இல்லை.

அடுத்தது பணம். ஃப்ரைபர்க் இருப்பது பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் அந்த மாநிலம் 2017 குளிர்காலப் பருவத்திலிருந்து செமஸ்டருக்கு 1,500 யூரோ கல்விக் கட்டணம் வாங்குகிறது. நாலு செமஸ்டருக்கு 6,000. கோட்டிங்கன் இருக்கும் லோயர் சாக்சனியில் உங்கள் மாதிரி முதல் முதுகலைக்குப் போகிறவர்களுக்கு அந்தக் கட்டணம் இல்லை. செமஸ்டர் பங்களிப்பு என்று சில நூறு யூரோ இரண்டு இடத்திலும் கட்ட வேண்டும், அவ்வளவுதான். யூரோவை நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் ஆறு லட்சம். கடன் வாங்கிப் போகிறவருக்கு இது வட்டியோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஆறு லட்சம்.

விசாவுக்குக் காட்ட வேண்டிய பிளாக்டு அக்கவுன்ட் தொகை இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். 2024 செப்டம்பரிலிருந்து ஆண்டுக்கு 11,904 யூரோ. அது உங்கள் பணமேதான், அங்கே போனதும் மாதம் 992 யூரோவாக உங்களுக்கே திரும்ப வரும். ஆனால் முதலில் மொத்தமாகக் கையில் இருக்க வேண்டும். இங்கேதான் நீலகிரிக்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ஏழரை லட்சத்துக்கு மேல் கடன் என்றால் பொதுத்துறை வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்கும். நம்மிடம் இருக்கிற சொத்து தேயிலைத் தோட்டம். விவசாய நிலத்தை 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தின்படி வங்கியால் எடுத்துக்கொள்ள முடியாது என்பதால், தோட்டப் பட்டாவைப் பார்த்ததுமே மேனேஜர் முகம் மாறிவிடும். சரி, வீட்டை வைக்கலாம் என்று போனால் அங்கீகரிக்கப்பட்ட கட்டட வரைபடம் கேட்பார்கள். தாத்தா காலத்து மலைக் கிராமத்து வீட்டுக்கு வரைபடத்துக்கு எங்கே போவது? எங்கள் வீட்டில் கடைசியில் மேட்டுப்பாளையத்தில் இருந்த மாமாவின் மனைதான் பிணையாகப் போனது. உங்கள் வீட்டிலும் எந்தச் சொத்து, யார் பெயரில், என்ன பத்திரம் என்பதை இப்போதே உட்கார்ந்து பேசிவிடுங்கள். கடன் தொகை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு இந்த அலைச்சலும் குறையும். படிக்கும் காலமும் அதற்கு மேல் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். வட்டி அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். பச்சைத் தேயிலை விலை எந்த மாதம் எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாத வீட்டில் அந்த வட்டியை அப்பா கட்டுவார் என்று நம்பிப் போகக் கூடாது.

அறை விஷயத்திலும் கோட்டிங்கன்தான். 2025இல் ஜெர்மன் அரசு தன் மாணவர் உதவித்தொகையில் வாடகைக்கு என்று ஒதுக்கியது மாதம் 380 யூரோ. கோட்டிங்கன் மாணவர் விடுதியில் அதற்குள் இடம் கிடைத்துவிடும். ஃப்ரைபர்க்கில் தனியாரிடம் அறை எடுத்தால் அது போதாது, காசு இருந்தாலும் உடனே கிடைக்காது. என் தோழி முதல் செமஸ்டரில் பாதி நாளை யாராவது ஊருக்குப் போயிருக்கும்போது காலியாகும் அறைகளில் மாறி மாறித் தங்கித்தான் ஓட்டினாள்.

இதெல்லாம் செலவுக் கணக்கு. இரண்டு ஊருக்கும் செலவு ஒன்றாகவே இருந்தாலும் நான் உங்களைக் கேட்பது வேறு: எதை ஆய்வு செய்யப் போகிறீர்கள்? கேள்வியில் அதைக் காணவில்லை. முதுகலையில் கடைசி ஆறு மாதம் ஆய்வேடுதான், பின்னால் வேலைக்கோ பிஎச்.டி.க்கோ போகும்போது உங்களை அடையாளம் காட்டப் போவதும் அதுதான்.

நம் மலையிலிருந்து போகிறவர்களுக்குக் கையிலேயே ஒரு பிரச்சினை இருக்கிறது, சீகை (வாட்டில்) மரமும் கற்பூர (யூகலிப்டஸ்) மரமும். வெள்ளைக்காரன் காலத்தில் புல்வெளியில் கொண்டுவந்து நட்டது. அந்நிய மரங்களை அகற்றச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறது, 2022இல் தமிழக அரசு இதற்கென்றே ஒரு கொள்கையும் வெளியிட்டது. ஆனால் வெட்டினால் தீர்ந்துவிடுகிறதா? சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும். வெட்டிய இடத்தில் வெயில் பட்டதும் நாற்றங்கால் மாதிரி முளைத்து நிற்கும். இன்னொரு பக்கம், கொடைக்கானலில் வட்டக்கானல் பக்கம் போய்ப் பார்த்தால் பழைய சீகை மர நிழலிலேயே சோலை, அதாவது நம் மலையின் சொந்தக் காட்டு மரக் கன்றுகள் வளர்ந்து வருகின்றன. அப்படியானால் எங்கே வெட்டுவது, எங்கே விட்டுவைப்பது? இதற்கு இன்னும் முழு விடை கிடையாது.

கோட்டிங்கனில் இதைப் பேசப் போனால் ஆள் கிடைப்பார்கள். பக்கத்திலேயே ஹார்ஸ் மலை. அங்கே சுரங்கத் தேவைக்காகத் தலைமுறை தலைமுறையாக ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தை மட்டுமே நட்டு வைத்தார்கள். 2018இல் தொடங்கிய வறட்சிக் கோடைகளில் பட்டை வண்டு புகுந்து மலை மலையாகக் காய்ந்து போயிற்று. தேசியப் பூங்காப் பகுதியில் செத்த மரங்களை அப்படியே நிற்கவிட்டு, தானாக என்ன முளைக்கிறது என்று பார்க்கிறார்கள். வகுப்பிலிருந்து எங்களைக் கூட்டிப்போய்க் காட்டியபோது கூட வந்த ஜெர்மன் பிள்ளைகள் வாயடைத்து நின்றார்கள். எனக்கு நம் நீலகிரியில் சீகை மண்டிய அவலாஞ்சி போகிற வழி ஞாபகம் வந்தது. வெப்பமண்டலக் காட்டுக்கும் அங்கே நல்ல பிடிப்பு உண்டு. 2012இல் தொடங்கிப் பல ஆண்டு சுமத்ராவின் ஜாம்பி பகுதியில் மழைக்காடு ரப்பராகவும் எண்ணெய்ப்பனையாகவும் மாறியதைப் பற்றி இந்தோனேசியப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து ஒரு பெரிய ஆய்வு நடத்தினார்கள். காடு தோட்டமானால் மண்ணுக்கு என்ன ஆகிறது என்று கேட்டுப் பழகியவர்களிடம் தேயிலையைப் பற்றிப் பேசுவது சுலபம். இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைமை அதிகாரியாக 1864இல் பொறுப்பேற்ற டீட்ரிக் பிராண்டிஸ்கூடக் கோட்டிங்கனில் தாவரவியல் படித்தவர்தான். அதற்காக அங்கே போகச் சொல்லவில்லை, வீட்டில் சொல்லிக்கொள்ள நன்றாக இருக்கும்.

ஃப்ரைபர்க்கை நான் சொல்வது ஒரே நிலையில்: உங்கள் விருப்பம் காட்டுக் கொள்கை, சுற்றுச்சூழல் ஆளுகை, ஊர் மக்களும் வனத்துறையும் மோதுகிற இடம் என்றால். அந்தப் பக்கம் ஃப்ரைபர்க் பலமானது, ஆறு லட்சம் தகும்.

எந்த ஊரானாலும், ஆய்வு எடுக்க நினைக்கும் பேராசிரியருக்கு இப்போதே ஒரு மெயில் போடுங்கள். களப்பணியை நீலகிரியில் செய்யும் எண்ணம் இருந்தால் அதையும் எழுதுங்கள். காப்புக் காட்டுக்குள் அளவெடுக்க வனத்துறை அனுமதி வாங்க மாதக்கணக்கில் ஆகும். ஆறு மாத ஆய்வேட்டில் அது முதலுக்கே மோசம். நான் தனியார் எஸ்டேட்டுக்குள் இருக்கும் சோலையில் செய்தேன், முதலாளியின் கடிதம் ஒன்றே போதுமாக இருந்தது.

மொழியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாடம் ஆங்கிலத்தில் இருந்தாலும் பகுதிநேர வேலைக்கு ஜெர்மன் வேண்டும். ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்ய அனுமதி உண்டு. 2025இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.82 யூரோவாக இருந்தது. கோட்டிங்கன் பக்கம் பேசுவது கிட்டத்தட்டப் பாடப்புத்தக ஜெர்மன். ஃப்ரைபர்க்கில் வயதானவர்கள் அலமானிக் வட்டார வழக்கில் பேசினால், நாகர்கோவில் பேச்சை முதல்முறை கேட்கிற சென்னைக்காரர் மாதிரி நிற்பீர்கள். எனக்கு ஹிவி வேலை கிடைத்தது. பேராசிரியருக்கு உதவியாளராக இருப்பதை மாணவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். மண் மாதிரிகளைச் சலித்து எடை போடுகிற வேலை, ஓட்டலில் தட்டு கழுவுவதைவிட எவ்வளவோ மேல்.

சாப்பாடு, கோயில் இதற்கெல்லாம் ரொம்ப யோசிக்க வேண்டாம். ஃப்ரைபர்க்கிலிருந்து பாசல் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள். சுவிட்சர்லாந்தில் ஈழத்தமிழர் நிறையப் பேர் இருக்கிறார்கள். கோட்டிங்கனிலிருந்து கொஞ்ச தூரம் போனால் ஹாம் நகரில் காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது, கோபுரத்தோடு.

ஆக, ஆய்வு விருப்பம் சோலை, புல்வெளி, மண், மறுசீரமைப்பு என்றால் கோட்டிங்கனுக்கே சரி சொல்லுங்கள். சொன்ன அன்றைக்கே மாணவர் விடுதிக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுவிடுங்கள், விசா வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அக்டோபரில் எல்லோரும் ஒன்றாக வந்து இறங்குவார்கள், வரிசையில் உங்கள் பெயர் முன்னால் இருக்கட்டும். அப்பாவுக்கு மலைதான் முக்கியம் என்றால், கோட்டிங்கனிலிருந்தும் ஹார்ஸுக்கு ரயிலும் பஸ்ஸும் இருக்கிறது.