சுண்ணாம்பு அடித்த மூலை

வணக்கம் அண்ணா,
நான் மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடிப் பக்கம் சித்திர பாடம் படிப்பிக்கிறேன். பிரித்தானிய அரசு ஓவியர்களை அமர்த்திப் போரை வரைவித்ததைப் போன மாதம் மெச்சி எழுதியிருந்தீர்கள். அரசு காசில் வரைந்தால் பிரசாரம்தானே? இங்கே அப்படி ஒரு திட்டம் வந்தால் ஆதரிப்பீர்களா?
ஒரு வாசகி

அன்புள்ள ரீச்சர்,

பிரசாரம்தான், அதில் ஒளிக்க என்ன இருக்கு. இரண்டாம் உலகப்போர் தொடங்கிய 1939இல், கலை வரலாற்றாளர் கென்னத் கிளார்க் தலைமையில் ஓவியர்களை அமர்த்த அமைந்த குழுவே தகவல் அமைச்சின் கீழ்தான் இருந்தது. (ஓவியர்களைச் சாகவிடாமல் காப்பதும் கிளார்க்கின் எண்ணம். ஆனாலும் அவர்களில் ஒருவரான எரிக் ரவிலியஸ் 1942இல் ஐஸ்லாந்துப் பக்கம் விமானத்தோடு காணாமற்போனார்.) ஆனால் அதே குழு வாங்கிய, சிற்பி ஹென்றி மூரின் படங்களைப் பாருங்கள். குண்டுக்குப் பயந்து லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் வரிசையாகப் படுத்துக் கிடக்கும் சனம், போர்வைக்குள்ளே யார் தாய் யார் பிள்ளை என்று தெரியாமல். தூங்குகிறவர்களுக்கு முன்னால் நின்று வரைய மூருக்குக் கூச்சம், குறிப்பு மட்டும் எடுத்துக்கொண்டு வந்து பிறகு வரைந்திருக்கிறார். 1990 சண்டையில் இடம்பெயர்ந்து பள்ளிக்கூட மண்டபத்தில் பாய்கூட இல்லாமல் கிடந்த எங்களுக்கு அந்தப் படத்தை யாரும் விளக்கத் தேவையில்லை.

முதல் உலகப்போரில் நெவின்சன் என்ற ஓவியரின் கதை இன்னும் நல்லது. முள்வேலிக்குப் பக்கத்தில் இரண்டு பிரித்தானியச் சிப்பாய்கள் குப்புறச் செத்துக் கிடப்பதை 1917இல் வரைந்தார், அவரும் அரசு அமர்த்திய ஆள்தான். காட்டக்கூடாது என்றது போர் அலுவலகம். மனிசன் 1918 கண்காட்சியில் படத்தைக் கொழுவி, குறுக்கே பழுப்புத் தாளை ஒட்டி, ‘தணிக்கை’ என்று எழுதிவிட்டார். படத்தை வைத்ததற்கும் ஏச்சு, அந்தச் சொல்லைப் போட்டதற்கும் ஏச்சு. ஆனால் படம் இன்று அவர்களுடைய போர் அருங்காட்சியகத்திலேயே இருக்கிறது.

சரி, நம்ம ஊர். சண்டை முடிந்த பிறகு போர்ட் எழுதுகிற என் மாமாவுக்கு ஒரு அலுவலகம் சுவர் வேலை கொடுத்தது. வாவி, மீன், வயல், நாலு சமயச் சின்னம். மனிசன் மூலையில் மண்மூட்டைச் சென்றி (ராணுவக் காவலரண்) ஒன்றையும், சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு அதைத் தாண்டுகிற ஒரு பொம்பிளையையும் சேர்த்துவிட்டார். அந்த மூலைக்கு மட்டும் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார்கள். கூலி நிற்குமே என்று அவரே அடித்தார்.

ஆகவே ஆதரிப்பேன், ஆனால் வேண்டாமென்று தள்ளிய படத்தையும் பத்திரமாக வைக்கிற திட்டமாக இருந்தால் மட்டும். அப்புறம், உங்கள் பிள்ளைகள் போட்டிக்கு அனுப்புகிற படங்களை அனுப்பமுதல் போனில் எடுத்து வையுங்கள். மாமாவிடம் அந்த மூலையின் ஒரு போட்டோகூட இல்லை.