இத்தாலியில் கன்ஃபெட்டி கேட்டால் பாதாம் மிட்டாய்தான் கிடைக்கும்

கன்ஃபெட்டி என்றால் கலர் பேப்பர் தூள்தானே, வேறு பொருள் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் ஏதோ விசேஷம் வருகிறது போல. ஆங்கிலத்தில் நீங்கள் சொல்வதுதான் பொருள். ஆனால் அந்தச் சொல் பிறந்த இத்தாலியில் அது தின்பண்டம்.

மிலானில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். கூட வேலை பார்த்த பெண்ணுக்கு சுல்மோனாவில் கல்யாணம். கன்ஃபெட்டிக்குப் பேர்போன ஊர் அது. பெலினோ குடும்பத்தார் 1783இலிருந்து அங்கே செய்கிறார்கள். கடை வாசலெல்லாம் கலர் காகிதம் சுற்றிய கன்ஃபெட்டியைப் பூங்கொத்தாகக் கட்டி வைத்திருப்பார்கள். விருந்து முடிந்ததும் பெண்ணின் அம்மா என் உள்ளங்கையைப் பிடித்து ஒவ்வொன்றாக ஐந்து வைத்தார். ஆரோக்கியம், செல்வம், மகிழ்ச்சி, பிள்ளைப்பேறு, நீண்ட ஆயுள். வெள்ளை வெளேரென்று கூழாங்கல் மாதிரி இருந்தது. கடித்தால் சர்க்கரை ஓடு நொறுங்கி உள்ளே முழுப் பாதாம். கல்யாணத்துக்கு வெள்ளை, பட்டம் வாங்கினால் சிவப்பு.

பேப்பர் தூளுக்கு அங்கே 'கொரியாந்தொலி' என்று பேர். கொரியாந்தொலோ என்றால் நம் கொத்தமல்லிதான். முன்பு கார்னிவல் திருவிழாவில் சர்க்கரை பூசிய மல்லி விதையை எறிவார்களாம், நம் சோம்பு மிட்டாய் போல. அப்புறம் மலிவாகச் சுண்ணாம்பு உருண்டை வந்தது. 1875 வாக்கில் மிலான் பக்கம் என்ரிக்கோ மாஞ்சிலி என்பவர் பேப்பருக்கு மாற்றினார். பட்டுப்புழு வளர்க்க ஓட்டை போட்ட தாள் விரிப்பார்கள். புழு ஓட்டை வழியே மேலே ஏறிப் புது இலைக்குப் போகும். ஓட்டை போடும்போது விழுந்த வட்டத் துண்டுகளைத்தான் அவர் விற்றார். ஆங்கிலக்காரர்கள் மிட்டாயின் பேரையே பேப்பருக்கு வைத்துவிட்டார்கள்.

'நம் ஊரில் யார் இத்தாலியன் பேசுகிறார்கள்' என்று சிலர் கேட்பார்கள். நான் யாரையும் திருத்த வரவில்லை. பேப்பரைக் கன்ஃபெட்டி என்றே சொல்லுங்கள். வாங்குவதாக இருந்தால் பேப்பராகவே வாங்குங்கள், ஜிகினா வேண்டாம். தங்கை ரிசப்ஷனில் வெடித்த ஜிகினா பந்தியில் பாயசம் வரை விழுந்தது. மண்டபத்தில் கிளீனிங் சார்ஜ் என்று முன்பணத்தில் நாலாயிரம் பிடித்துக்கொண்டார்கள். ஜிகினாவை வெடித்தவரே மண்டபத்துக்காரர்கள் கட்டாயப்படுத்தி அனுப்பிய டெக்கரேஷன்காரர். ரசீது கேட்டு அப்பா இரண்டு முறை நடந்தார், தரவே இல்லை.