காரில் கைவைக்கத் தொடங்குகிறீர்களா? பெரிய பெட்டி இப்போதைக்கு வேண்டாம்

கேள்வி: பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறேன். ஏர் ஃபில்டர், பேட்டரி, ஸ்பார்க் பிளக், இன்ஜின் ஆயில் மாற்றுவது, சக்கரம் கழற்றி மாட்டுவது போன்ற வேலைகளை நானே செய்து பழக ஆசை. 150 கருவிகள் அடங்கிய பெட்டி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். அதை வாங்கலாமா, தனித்தனியாக வாங்குவது நல்லதா? அப்பா வைத்திருந்த ஸ்பேனர்களும் கொஞ்சம் இருக்கின்றன. அவை உதவுமா?

பதில்: பெட்டியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அந்த 150-ல் என்னென்ன இருக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஸ்க்ரூ டிரைவர் பிட்டுகளும் ஆலன் கீகளும்தான் எண்ணிக்கையை ஏற்றிக் காட்டும். போல்ட் தலையைக் குழாய்போல் மூடிப் பிடிக்கும் சாக்கெட்டுகள், அங்குல அளவில் ஒரு வரிசை இருக்கும். இன்றைய கார்களில் நட்டும் போல்ட்டும் அநேகமாக எல்லாமே மில்லிமீட்டர் அளவுதான், அதனால் அந்த வரிசை பெட்டியைவிட்டு வெளியே வராது. இத்தனைக்கும், நீங்கள் செய்ய நினைக்கும் வேலைக்கு அவசியமான டார்க் ரெஞ்சும் (குறித்த அளவுக்கு இறுக்க உதவுவது), ஜாக் ஸ்டாண்டும் (தூக்கிய காரைத் தாங்கி நிற்பது) அதில் இருக்காது.

முதலில் பானட்டைத் திறந்து, செய்யப்போகும் வேலைக்கு எந்தெந்த போல்ட்டைத் தொட வேண்டும் என்று பாருங்கள். ஜப்பானிய, கொரிய கார் என்றால் 8, 10, 12, 14, 17, 19 மி.மீ. அளவுகளே பெரும்பாலான வேலைக்குப் போதும். ஐரோப்பிய கார் என்றால் 13, 16 போன்ற அளவுகளும், நட்சத்திர வடிவ டார்க்ஸ் பிட்டுகளும் சேரும். 10 மி.மீ. மட்டும் இரண்டாக வாங்குங்கள். பேட்டரி டெர்மினல், ஃபில்டர் பெட்டி, சின்னச் சின்ன பிராக்கெட் என்று அதிகம் கைக்கு வருவது அதுதான். இன்ஜினுக்குள் நழுவி விழுந்து காணாமல் போவதும் அதுதான்.

சாக்கெட்டில் நான் விட்டுக்கொடுக்காத ஒரு விஷயம், உட்பக்கம் ஆறு முனை இருக்க வேண்டும். பன்னிரண்டு முனை சாக்கெட் போல்ட் தலையின் மூலைக்கு மிக அருகில் அழுத்தும். துருப்பிடித்த போல்ட்டை அதை வைத்துத் திருகினால் மூலை மழுங்கி, தலை உருண்டையாகிவிடும். அப்புறம் எந்தக் கருவியும் அதைப் பிடிக்காது. ஆறு முனை சாக்கெட் மூலையை விட்டுத் தள்ளி, தட்டையான பக்கத்தில் அழுத்துவதால் பிடி நிற்கும். பழைய காரில் போல்ட் எல்லாம் சமர்த்தாக வராது என்பதால் உங்களுக்கு இது முக்கியம். ஸ்பேனரும் அப்படித்தான். ஒரு பக்கம் ரிங், மறுபக்கம் வாய் திறந்த காம்பினேஷன் வகையாக வாங்குங்கள். இறுக்கமாக இருப்பதை ரிங்கால் தளர்த்திவிட்டு, மீதியை மறுபக்கத்தால் வேகமாகக் கழற்றலாம்.

சாக்கெட்டை மாட்டித் திருகும் கைப்பிடியான ராட்செட்டில் 3/8 அங்குல டிரைவ் (சாக்கெட் மாட்டும் சதுர முனை) ஒன்று போதும். பல் எண்ணிக்கையைக் கேட்டு வாங்குங்கள். 24 பல் என்றால் ஒவ்வொரு முறையும் குறைந்தது 15 டிகிரி அசைக்க வேண்டும். 72 பல்லில் 5 டிகிரியே போதும். கை நுழையாத சந்தில் இந்த வித்தியாசம் பெரிது. கூடவே 75, 150 மி.மீ. எக்ஸ்டென்ஷன் வேண்டும். அசையாத நட்டைத் திறக்க ராட்செட்டில் பைப்பைச் செருகி நீட்டாதீர்கள், உள்ளே பல் உடைந்துவிடும். அந்த வேலைக்கு 1/2 அங்குல பிரேக்கர் பார் (பல் இல்லாத நீளக் கைப்பிடி) தனியாக இருக்கிறது. ஸ்பார்க் பிளக்குக்கு அதற்கென்றே உள்ள நீள சாக்கெட் வேண்டும். பல கார்களில் 16 மி.மீ., சிலவற்றில் 14. உள்ளே ரப்பரோ காந்தமோ பிளக்கைப் பிடித்துக்கொள்ளும்.

புதியவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது டார்க் ரெஞ்ச். "நல்லா இறுக்கிட்டேன்" என்பது அளவு ஆகாது. சிறிய கார்களின் வீல் நட்டுக்குப் பொதுவாக 90 முதல் 120 நியூட்டன் மீட்டர் வேண்டும். ஆயில் வடிக்கும் டிரெய்ன் போல்ட்டுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு அளவே இருக்கும். கீழே உள்ள ஆயில் சம்ப் (ஆயில் தேங்கும் தொட்டி) அலுமினியம் என்றால், வீல் நட்டை இறுக்கும் அதே பலத்தில் இந்த போல்ட்டை இறுக்கினால் மரை உரிந்து, சம்ப்பையே மாற்ற வேண்டி வரும். உங்கள் காருக்கான சரியான எண்ணை சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். முதலில் சுமார் 40 முதல் 200 வரை காட்டும் 1/2 அங்குல ரெஞ்சை வீல் நட்டுக்காக வாங்குங்கள். ஸ்பார்க் பிளக், டிரெய்ன் போல்ட் வேலைக்கு இறங்கும்போது சிறிய ரெஞ்ச் ஒன்று தேவைப்படும். பெரியது தன் அளவின் கீழ்க்கோடியில் துல்லியமாக இருக்காது. 'கிளிக்' என்றதும் நிறுத்துங்கள், இன்னொரு முறை அழுத்தாதீர்கள். அதை வைத்து எதையும் கழற்றாதீர்கள். வேலை முடிந்ததும் அளவை மிகக் குறைந்த குறிக்கு இறக்கி வையுங்கள்.

ஜாக்கியும் ஸ்டாண்டும் உயிர் சம்பந்தப்பட்டவை. காரோடு வரும் ஜாக்கி சாலையோரம் சக்கரம் மாற்ற மட்டுமே. ஆயில் மாற்றக் காருக்கு அடியில் போக வேண்டுமென்றால், எடைக்கு ஏற்ற ஜாக் ஸ்டாண்ட் இரண்டு, சக்கரம் உருளாமல் தடுக்கும் கட்டை இரண்டு, சமமான கெட்டித் தரை மூன்றும் வேண்டும். இதில் ஒன்று இல்லை என்றாலும் அன்றைக்கு அடியில் போகாதீர்கள். செங்கல்லோ ஹாலோ பிளாக்கோ வைத்துச் சமாளிக்கவே கூடாது. அவை எச்சரிக்கை தராமல் சட்டென நொறுங்கும். ஸ்டாண்டை மேனுவல் காட்டும் இடத்தில் வைத்து, காரைக் கையால் அசைத்துப் பார்த்த பிறகே உள்ளே போங்கள்.

மற்றவை எளிது. இரண்டாம் எண் ஸ்டார் (பிளஸ் வடிவ) ஸ்க்ரூ டிரைவர், தட்டை முனை ஸ்க்ரூ டிரைவர் ஒன்று, நோஸ் பிளேயர், ஆயில் ஃபில்டர் ரெஞ்ச், ஆயில் பிடிக்கும் தட்டு, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை. சாதாரண மல்டிமீட்டர் ஒன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓட்டாமல் சில மணி நேரம் நின்ற காரில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறத்தாழ பாதி. இன்ஜின் ஓடும்போது பெரும்பாலும் 13.8 முதல் 14.5 வரை வந்தால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம். பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில். பாசிட்டிவ் போல்ட்டில் இருக்கும் ஸ்பேனர் தவறிப் பாடியில் பட்டாலும் அப்போது தீப்பொறி வராது.

சரி, அப்பாவின் ஸ்பேனர்கள். தாராளமாகப் பயன்படுத்தலாம், பழைய இரும்பு பல நேரம் நன்றாகவே இருக்கும். வாய் விரிந்திருக்கிறதா, விரிசல் இருக்கிறதா என்று மட்டும் வெளிச்சத்தில் பாருங்கள். 1/2, 9/16 என்று பின்ன எண் பொறித்திருந்தால் அது அங்குல அளவு. 9/16 என்பது 14.3 மி.மீ., ஆகவே 14 போல்ட்டில் பொருந்துவது போலவே இருக்கும். திருகும்போதுதான் வழுக்கி மூலையைத் தின்னும். அவற்றைத் தனியாகக் கட்டி வையுங்கள். அவரிடம் பழைய ஜாக்கியோ ஸ்டாண்டோ இருந்து, வெல்டிங்கில் வெடிப்போ எண்ணெய்க் கசிவோ தெரிந்தால் அதை மட்டும் காருக்கு அடியில் கொண்டுபோகாதீர்கள்.