பானெட் வரை சேறு

அன்புள்ள அண்ணா,

வணக்கம்ங்க. எங்கள் அப்புச்சி பர்மா சண்டையில் ஜீப் ஓட்டியவர். 1980-களில் பெரிய மாமா வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த பிளாஸ்டிக் கிட்டை ஒட்டி, 35-ல் ஒரு பங்கு அளவில் வில்லீஸ் ஜீப் ஒன்று செய்திருந்தார். போன மாதம் அட்டாலியில் கிடைத்தது. வண்டிப் பக்கவாட்டில் மாட்டிய மண்வெட்டிக்குக் காம்பு இல்லை. டயர் படும் இடத்தில் சக்கரம் இளகிப் பிசுபிசுக்கிறது, அட்டாலிச் சூடுதான் காரணமா? கிரில்லில் ஒன்பது கீற்று இருக்கிறது. எங்கள் ஊர் ஜீப்பில் ஏழுதான், இரண்டை அடைத்துவிடலாமா? அப்புறம், சேறு என்று பழுப்புப் பெயின்டைப் பானெட் வரை அப்பியிருக்கிறார். முன்கண்ணாடியிலும் அதேதான், இடது பக்கம் ஒரு அரைவட்டம் மட்டும் விட்டிருக்கிறார். எல்லாவற்றையும் தின்னரில் உரித்துவிட்டுப் பளிச்சென்று பச்சை அடிக்க ஆசை.

க., கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள க.,

முதலில் தின்னர் டப்பாவை மூடி எடுத்து வையுங்கள். பெயின்ட் கடைத் தின்னர் பிளாஸ்டிக்கையும் சேர்த்துக் கரைத்துவிடும். கல்லூரி நாளில் லீ என்ற போர் டாங்கியின் மாடல் ஒன்றை அதில் ஊறப்போட்டேன். வரிசை வரிசையாக இருந்த ரிவெட்டெல்லாம் தேய்ந்த சோப்பு மாதிரி வழுவழுத்துப் போயின. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

கிரில்லைத் தொடாதீர்கள். ஒன்பதுதான் சரி. ஏழு கீற்று, போருக்குப் பின் பொதுமக்களுக்காக வந்த சி.ஜே. ஜீப் வரிசையுடையது, நம்மூரில் ஓடிய மகிந்திரா ஜீப் அந்த வழியில் வந்தது. ஹெட்லைட்டையும் பாருங்கள், கிரில்லுக்குப் பின்னால் உள்வாங்கியிருக்கும். நிஜ வண்டியில் அதைப் பின்பக்கம் திருப்பினால் ராத்திரியில் என்ஜினுக்கு வெளிச்சம் காட்டும்.

சக்கரம் இளகியதற்கு அட்டாலிச் சூடு காரணமில்லை. டயர் வினைல். அதை மென்மையாக வைத்திருக்கச் சேர்த்த ரசாயனம் நாளாக நாளாகக் கசிந்து, பக்கத்திலுள்ள பாலிஸ்டைரீனை, அதாவது கிட்டின் பிளாஸ்டிக்கை, தின்னும். டயரைக் கழற்றி, இளகிய இடத்தைக் கெட்டியாகும் வரை ஆறவிட்டு, மெல்லச் சுரண்டி, விளிம்பில் அக்ரிலிக் பெயின்ட் பூசிக் காயவைத்த பிறகு மாட்டுங்கள். மண்வெட்டிக்கு ஊதுபத்திக் குச்சி போதும். நிஜக் காம்பு ஒன்றேகால் அங்குலம் என்றால் இந்த அளவில் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. பிளேடால் சீவிச் சீவி அந்தக் கனத்துக்குக் கொண்டு வாருங்கள்.

சரி, சேற்றுக்கு வருவோம். அதை உரிக்கவே கூடாது என்பேன்.

அப்புச்சி எந்தப் படைப்பிரிவு என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் 1944-ல் மணிப்பூரின் இம்பாலை ஜப்பானியர் போட்ட முற்றுகை உடைந்ததும், பர்மா முனையில் போரிட்ட பிரிட்டிஷ்-இந்தியப் படையான பதினான்காம் ராணுவம் மழை விடட்டும் என்று காத்திருக்கவில்லை. கொட்டுகிற மழையிலேயே, இம்பாலிலிருந்து பர்மாவுக்குள் போகும் டிட்டிம் சாலையில் ஜப்பானியரைத் துரத்திக்கொண்டு போனது. அந்தச் சாலைகளில் சேறு பானெட் வரை ஏறும். கிட்டோடு வந்த தாளில் சேறு எங்கே அடிப்பது என்று போட்டிருக்காது. நீங்கள் சொல்லும் அரைவட்டம் என்னை உலுக்கிவிட்டது. போர்க்கால ஜீப்புக்கு ஸ்டீயரிங் இடது பக்கம். வைப்பரைக் கையால்தான் ஆட்ட வேண்டும். ஒரு கையில் ஸ்டீயரிங், இன்னொரு கையில் வைப்பர், கண் முன்னால் அந்த அரைவட்டம் மட்டும் தெளிவாக. வண்டிக்குள் உட்கார்ந்து பார்த்தவர் அடித்த பெயின்ட் அது. எத்தனையோ திறமைசாலிகள் செய்த ஜீப் மாடல்களைப் பார்த்திருக்கிறேன். நுணுக்கமான வேலைதான். ஆனால் ஓட்டுநரின் கண் இருக்கும் மாடல் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

புதிய பெயின்ட் சக்கர விளிம்புக்கும் மண்வெட்டிக்கும் மட்டும் போதும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, மெத்தென்ற பிரஷால் தூசியை மட்டும் எடுங்கள். கண்ணாடிப் பக்கம் தண்ணீரே போக வேண்டாம், ஊதிவிட்டால் போதும். முடிந்ததும் இடது பக்கத்திலிருந்து ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.