ரீமேப்பா, டியூனிங் பாக்ஸா, தனி இசியுவா? உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கார் டியூனிங் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். இசியு என்பது எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர், அதற்குள் இருக்கும் அட்டவணைகள்தான் மேப், அவற்றை மாற்றி எழுதுவதுதான் ரீமேப்.

தாம்பரத்திலிருந்து: அண்ணா, என்னுடையது போலோ ஜிடி டிஎஸ்ஐ, டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ். ரீமேப் விலை அதிகமாக இருக்கிறது, டியூனிங் பாக்ஸ் போதாதா?

பாக்ஸ் செய்வது ஒரே வேலைதான் தம்பி. பூஸ்ட் (டர்போ அடைக்கும் காற்றின் அழுத்தம்) சென்சாருக்கும் இசியுவுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, உள்ளே இருக்கும் அழுத்தத்தைக் குறைத்துச் சொல்லும். இசியு அதை நம்பி இன்னும் கொஞ்சம் பூஸ்ட் ஏற்றும். ஸ்பார்க் எப்போது அடிக்க வேண்டும் என்ற இக்னிஷன் டைமிங், எரிபொருள் அளவு, டார்க் (முறுக்கு விசை) வரம்பு எதையும் அது தொடாது. ரீமேப்பில் இவை எல்லாமே ஒன்றுக்கொன்று பொருந்தும்படி மாற்றப்படும். சர்வீஸுக்குப் போகும்போது கழற்றி வைத்துவிடலாம், பாக்ஸுக்கு இருக்கும் ஒரே லாபம் அதுதான். நானாக இருந்தால் காசு சேர்த்து ரீமேப்தான் செய்வேன்.

ஆனால் கியர்பாக்ஸைப் பாருங்கள். கம்பெனியில் வரும்போது உங்கள் காரின் டார்க் 175 நியூட்டன் மீட்டர். அந்த ஏழு கியர் டிரை கிளட்ச் பெட்டி 250 வரைக்கும்தான் தாங்கும். கத்திப்பாராவில் முதல் கியரில் ஊர்ந்து ஊர்ந்து அந்த கிளட்ச் ஏற்கெனவே சூடு வாங்கிக்கொண்டிருக்கிறது, அதனால் டார்க்கை 220, 230-க்குள் நிறுத்த டியூனரிடம் சொல்லுங்கள். ஸ்பார்க் பிளக்கும் இக்னிஷன் காயிலும் பழசாக இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், மேப் அப்புறம்.

வேளச்சேரியிலிருந்து: ஸ்விஃப்ட் 1.2 பெட்ரோல். ரீமேப்போடு வெளிக்காற்றை இழுக்கும் கோல்டு ஏர் இன்டேக் போட்டால் 20 எச்பி கூடும் என்கிறார்கள். உண்மையா சார்?

இல்லை. டர்போ இல்லாத எஞ்சினில் ஐந்து சதவீதம் கிடைத்தாலே நல்ல வேலை. ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் சட்டென்று பாயும், பெரும்பாலும் அது திராட்டில் மேப்பை மாற்றியதால் வரும் உணர்வு. அதைவிட, நீங்கள் இருக்கும் ஏரியாவில் பம்பருக்குள் இறங்கும் இன்டேக் வேண்டவே வேண்டாம். நவம்பர் மழையில் முழங்கால் தண்ணீரில் ஒரு வாய் உறிஞ்சினால் போதும், தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடுதான் வளையும்.

ரீமேப் செய்த கார் காலையில் பறக்கிறது, மதியம் சோர்ந்துவிடுகிறது. மேப் தப்பா?

கத்திரி வெயிலில் உங்களுக்கு மட்டுமா சோர்வு! டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் சூடாகி இன்டேக் காற்றின் வெப்பம் ஏறினால், நாக் (கலவை தானாகவே வெடிப்பது) வராமலிருக்க இசியு டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும். இழுப்பதுதான் சரி. காரின் டயக்னாஸ்டிக் சாக்கெட்டில் சொருகும் ஓபிடி ரீடரில் இன்டேக் வெப்பம், பூஸ்ட், டைமிங் மூன்றையும் லாக் (பதிவு) எடுத்து டியூனரிடம் கொடுங்கள். லாக் எதற்கு என்று கேட்கிற டியூனரிடம் இனிமேல் போகாதீர்கள்.

இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலுக்காக மேப்பை மாற்ற வேண்டுமா?

எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது, அதனால் அதே காற்றுக்கு அதிக எரிபொருள் தேவை. சாதாரண ஓட்டத்தில் ஆக்சிஜன் சென்சார் பார்த்து இசியுவே திருத்திக்கொள்ளும். முழு திராட்டிலில் அந்தத் திருத்தம் எல்லா வண்டியிலும் வேலை செய்யாது, அங்கே கலவையில் பெட்ரோல் குறைந்து மெலிந்தால் ஆபத்து. எத்தனால் கலக்காத பெட்ரோலுக்குப் போட்ட பழைய மேப் என்றால் காற்று, எரிபொருள் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் வைத்து ஒருமுறை சரிபாருங்கள்.

அம்பத்தூரிலிருந்து: பழைய மாருதி எஸ்டீமை இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்காகத் தயார் செய்கிறேன். கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), கம்ப்ரஷன் எல்லாம் மாற்றியாச்சு. கம்பெனி இசியுவுக்குப் பதிலாக எந்த ஸ்டாண்டலோன் (தனி) இசியு வாங்கலாம்?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். கேம் மாற்றிவிட்டீர்கள் என்றால் கம்பெனி இசியுவை வைத்து மல்லுக்கட்டுவதை விட ஸ்டாண்டலோன்தான் சரி. ஹால்டெக், லிங்க் நன்றாக இருக்கும், விலையும் அதற்கேற்ப. சாலிடரிங் வரும், பொறுமையும் இருக்கிறது என்றால் மெகாஸ்குவர்ட், ஸ்பீடுயினோ. நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு இதுவே தாராளம். மோட்டெக் வாங்கும் காசில் நல்ல டயரும் டைனோ (உருளையில் ஓட்டி பவரை அளக்கும் கருவி) நேரமும் வாங்கிக்கொள்ளலாம்.

இசியு பெட்டியை விட வயரிங்தான் முக்கியம். எஞ்சின் எந்த நிலையில் சுற்றுகிறது என்று சொல்லும் கிராங்க் சிக்னல் வயருக்கு ஷீல்டு போட்டு, அந்த ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள், இல்லாவிட்டால் அதிக ஆர்பிஎம்மில் சிக்னல் தடுமாறும், நீங்கள் பெட்ரோல் பம்ப்பைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் டைமிங்கை லேப்டாப்பில் 10 டிகிரியில் பூட்டிவிட்டு, டைமிங் லைட்டை கிராங்க் புல்லியில் அடித்துப் பாருங்கள். அங்கேயும் 10 வர வேண்டும். வராவிட்டால் ட்ரிகர் ஆஃப்செட்டை (கிராங்கின் உண்மையான நிலையை இசியு கணக்கிட உதவும் கோண எண்) திருத்தாமல் எதையும் தொடாதீர்கள், ஏனென்றால் அதற்குப் பிறகு போடும் ஒவ்வொரு எண்ணும் பொய்யாகிவிடும். அப்புறம் எரிபொருள் டேபிள், கடைசியில்தான் டைமிங் டேபிள், அதுவும் டைனோவில், காதில் நாக் சத்தத்தைக் கேட்கும் ஹெட்ஃபோனோடு.

வாரண்டி போகுமா?

எஞ்சின், கியர்பாக்ஸ் கோளாறு என்றால் பெரும்பாலும் கை விரித்துவிடுவார்கள். ஒரிஜினல் மேப்பைத் திரும்ப ஏற்றினாலும் பல கார்களில் எத்தனை முறை ஃபிளாஷ் ஆனது என்ற பதிவு இசியுவில் அப்படியே இருக்கும்.

டீசல் காரில் டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) எடுத்துவிட்டு மேப் போட்டுத் தருவீர்களா?

மாட்டேன். பின்னால் ஸ்கூட்டரில் வருகிறவர் என்ன பாவம் செய்தார்? டிபிஎஃப் இருக்கும்போதே அளவான மேப் போடலாம், அதற்கென்றால் வாருங்கள்.