நினைவும் ப்ரோப்ரனலாலும்

அன்புள்ள ஐயா,

என் அண்ணன் லாரி ஓட்டுநர். சில வருடங்களுக்கு முன் நடந்த விபத்தில் கிளீனர் பையன் அவர் கண்ணெதிரே இறந்துபோனான். இன்றும் பிரேக் சத்தம் கேட்டால் அண்ணனுக்கு உடம்பெல்லாம் வியர்க்கிறது, தூக்கமே இல்லை. மருத்துவர் பி.டி.எஸ்.டி., அதாவது கொடிய அனுபவத்துக்குப் பின் வரும் மனநலப் பாதிப்பு என்றார். கெட்ட நினைவை மாத்திரையால் அழித்துவிடலாம் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். அது அம்மா படபடப்புக்குச் சாப்பிடும் அதே ப்ரோப்ரனலால்தான். தினம் ஒன்று கொடுத்தால் மறந்துவிடுவாரா? மறப்பது அந்தப் பையனுக்குச் செய்யும் துரோகம் என்கிறார் அண்ணன்.

எஸ்., நாமக்கல்

அன்புள்ள எஸ்.,

அண்ணன் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். அந்தப் பையன் அவர் நினைவிலிருந்து போகமாட்டான். நினைவைக் கிளறி ப்ரோப்ரனலால் கொடுக்கும் சிகிச்சை பலித்தவர்களும் நடந்ததை வரிசை மாறாமல் சொல்வார்கள். சொல்லும்போது வரும் நடுக்கமும் நெஞ்சடைப்பும்தான் குறைகின்றன. மருந்தால் நினைவின் வலியைக் குறைப்பது சரியா என்ற கவலையை அமெரிக்க அதிபரின் உயிர்அறவியல் குழு 2003-ல் எழுப்பியது. வலி போனால் பொறுப்புணர்வும் போய்விடுமோ என்று அஞ்சினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிரேக் சத்தத்துக்கே ஒடுங்கிப்போகிறவரால் அந்தப் பையனின் வீட்டுக்குப் போய் அவன் அம்மாவிடம் நாலு வார்த்தை பேச முடியாது. பயம் தணிந்தால்தான் துக்கப்படவே முடியும்.

இனி மாத்திரை. தினமும் கொடுத்தால் அம்மாவுக்குக் குறைவதுபோல அவருக்கும் படபடப்பு குறையலாம். நினைவின் பிடி தளராது. காரணம் இதுதான். அச்சத்தோடு பதிந்த ஒரு நினைவு கிளறப்பட்டால், அது கொஞ்ச நேரம் இளகிவிட்டு மறுபடி கெட்டிப்படுகிறது. 2000-ல் நியூயார்க்கில் கரீம் நாடர் எலிகளிடம் இதைக் காட்டினார். மின்னதிர்ச்சியோடு சேர்த்துப் பழக்கிய ஒலியை மறுபடி கேட்கவைத்து, உடனே மூளையில் அச்சத்தைக் கையாளும் அமிக்டலா பகுதியில் புரதம் உருவாவதைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தியபோது, பிறகு அந்த ஒலிக்கு எலிகள் உறைந்து நிற்பது வெகுவாகக் குறைந்தது. ஒலியைக் கேட்கவைக்காமல் செலுத்திய மருந்துக்கோ, கேட்டு 6 மணி நேரம் கழித்துச் செலுத்திய மருந்துக்கோ பலனில்லை. கிளறாத நினைவை மருந்து தொடுவதில்லை.

எலிக்குச் செலுத்திய மருந்து மனிதருக்கு நஞ்சு. அந்த இடத்தில்தான் ப்ரோப்ரனலால் வந்தது. நினைவின் அச்சப் பகுதியை அமிக்டலாவில் கெட்டிப்படுத்துவதில் நார்அட்ரினலின் என்ற பதற்றச் சுரப்புக்குப் பெரிய பங்கு உண்டு. அது செல்களில் வேலைசெய்ய நுழையும் பீட்டா வாசல்களை ப்ரோப்ரனலால் அடைக்கிறது. கொழுப்பில் கரைவதால் மூளைக்குள் எளிதில் நுழைகிறது. அதே குடும்பத்து அட்டினலால் அவ்வளவு நுழையாது, ஆகவே "எல்லாம் பி.பி. மாத்திரைதானே" என்று மாற்றிக் கொடுக்க முடியாது.

மான்ட்ரியாலில் மெக்கில் பல்கலைக்கழகத்தின் அலான் ப்ரூனே வகுத்த முறையில் வாரம் ஒரு அமர்வு. மாத்திரை விழுங்கி சுமார் 90 நிமிடம் காத்திருக்க வேண்டும். ரத்தத்தில் மருந்து ஏற அவ்வளவு நேரம் ஆகும். நினைவைக் கிளறிய பிறகு விழுங்கினால், மருந்து ஏறுவதற்குள் நினைவு கெட்டிப்பட ஆரம்பித்துவிடும். சம்பவத்தை நோயாளி தன் கையால் ஏறக்குறைய ஒரு பக்கத்துக்கு எழுதுகிறார். "நான்" என்று, இப்போது நடப்பதுபோல, டீசல் வாடை, கைநடுக்கம், வறண்ட தொண்டை என்று உடம்பு உணர்ந்ததையெல்லாம் சேர்த்து. அதை மருத்துவரின் முன்னால் வாய்விட்டுப் படிக்கிறார். அடுத்த வாரம் மறுபடி மாத்திரை, மறுபடி வாசிப்பு. புதிதாக ஞாபகம் வந்ததைச் சேர்த்துக்கொள்ளலாம். 2018-ல் வெளியான சோதனையில் 60 பேர் கலந்துகொண்டார்கள், 6 வாரம். மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களைவிட மருந்து எடுத்தவர்களுக்கு அறிகுறிகள் அதிகம் குறைந்தன. 2015 நவம்பர் பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகு பாரிஸ் மருத்துவமனைகளிலும் இந்த முறையைக் கொண்டுசென்றார்கள்.

காணொளிகள் சொல்லாதது, இது எங்கே பிசகுகிறது என்பது. உணர்ச்சியைத் தொடாமல் செய்தி வாசிப்பதுபோல ஒப்பித்தால் நினைவு இளகாது. நினைவைக் கிளறுவதை அளவுக்கு மீறி நீட்டினால் அது வேறு வகைக் கற்றலாக மாறிவிடும், மருந்து பயன்படாது. பழைய, வலுவான நினைவுகள் அத்தனை சுலபமாக இளகுவதில்லை. ஆம்ஸ்டர்டாமில் மெரல் கிண்ட் 2009-ல் 40 மில்லிகிராம் ப்ரோப்ரனலால் கொடுத்துக் கண்ட, பயம் தணியும் விளைவு பிற ஆய்வகங்களில் எப்போதும் திரும்பக் கிடைக்கவில்லை. விபத்து நடந்த 6 மணி நேரத்துக்குள் தொடங்கித் தினமும் கொடுத்தால் நோயே வராமல் தடுக்கலாமா என்று பாஸ்டனில் ரோஜர் பிட்மன் பார்த்தார். 2002-ல் நம்பிக்கை தந்த அந்த யோசனை பிந்தைய ஆய்வில் நிலைக்கவில்லை. ஆகவே இதை நிரூபிக்கப்பட்ட முதல் சிகிச்சை என்று சொல்லமாட்டேன்.

அம்மாவின் மாத்திரை அட்டையிலிருந்து ஒரு மாத்திரைகூட அண்ணனுக்குக் கொடுக்காதீர்கள். ஆஸ்துமா இருந்தால் மூச்சுக்குழல் இறுகும். நாடித்துடிப்பு ஏற்கெனவே குறைவாக இருந்தால் ஆபத்து. இன்சுலின் போடுபவருக்குச் சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பை இது மறைத்துவிடும். வெரபமில் என்ற இதய மருந்தைச் சாப்பிடுபவருக்கு இதயத் துடிப்பு அபாயகரமாகக் குறையலாம். மயக்கம் வரக்கூடும் என்பதால் மாத்திரை போட்ட அன்று வண்டி ஓட்டக் கூடாது. தினமும் சாப்பிட்டுவரும் அம்மாவும் சட்டென்று நிறுத்தக் கூடாது, அதை மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

அண்ணனுக்கு முதலில் வேண்டியது அந்த விபத்தையே மையமாக வைத்த பேச்சு சிகிச்சை: பயப்படும் சத்தத்தையும் இடத்தையும் கட்டுப்பாட்டோடு எதிர்கொள்ளப் பழக்குவது, அல்லது இ.எம்.டி.ஆர்., அதாவது கண்ணை இடவலமாக அசைத்தபடி நினைவை எதிர்கொள்ளும் சிகிச்சை. இவற்றுக்கு ஆதாரம் பலமாக இருக்கிறது. மருந்து தேவைப்பட்டால் மனச்சோர்வுக்குத் தரும் செர்ட்ரலின், பராக்ஸிடின். தூக்கத்துக்காக அல்பிரசோலம் தொடர்ந்து போடுவதை ஒத்துக்கொள்ளாதீர்கள்; பி.டி.எஸ்.டி.யை அது சரிசெய்யாது, பழக்கமாகிவிடும். எங்கே போவது என்று தெரியவில்லை என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். மனநல மருத்துவரைப் பார்க்கப்போகும்போது அண்ணன் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். குடிப்பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.