குழியா, குன்றா? நிழலைக் கேளுங்கள்

கேள்வி: செவ்வாயைச் சுற்றும் விண்கலம் எடுத்த படம் ஒன்றைக் கணினியில் பார்த்தேன். முதலில் குழியாகத் தெரிந்த இடம், சற்று நேரம் கழித்துப் பார்த்தபோது மேடாகத் தெரிந்தது. என் கண்ணில் கோளாறா? (கல்லூரி மாணவி)

பதில்: கோளாறு எதுவும் இல்லை. வெளிச்சம் மேலிருந்துதான் விழும் என்று நம் மூளை தானாக எடுத்துக்கொள்கிறது. படத்தில் வெளிச்சம் கீழ்ப்பக்கமிருந்து வந்தால் குழி குன்றாகிவிடும். அதனால் எந்தப் படத்தைத் திறந்தாலும் முதலில் சூரியன் எந்தப் பக்கம் என்று பார்த்து, ஓரத்தில் ஓர் அம்புக்குறி போட்டுவிடுவேன். சூரியனின் திசையும் உயரமும் படத்தோடு வரும் தகவல் குறிப்பிலேயே இருக்கும். 2006 முதல் செவ்வாயைச் சுற்றிவரும் மார்ஸ் ரிகனைசன்ஸ் ஆர்பிட்டர் பகல் பக்கத்தைப் படமெடுப்பது, பெரும்பாலும் அங்கே பிற்பகல் மூன்று மணி வாக்கில். அப்போது சூரியன் மேற்கே சாய்ந்திருக்கும். வடக்கை மேலே வைத்துப் பார்த்தால் வெளிச்சம் இடப்பக்கமிருந்து வரும். ஆகவே இடப்பக்கச் சரிவு பளிச்சென்று இருந்தால் அது குன்று. இருண்டிருந்தால் குழி.

இதை அறிந்திருந்தும் நான் ஏமாந்திருக்கிறேன். செவ்வாயில் உள்ள எபர்ஸ்வால்டே என்ற பள்ளத்தின் வண்டல் பகுதியை நிலப்படமாக வரைந்துகொண்டிருந்த காலம் அது. நாடாவைப் போல வளைந்து வளைந்து செல்லும் ஒரு பட்டையைப் பார்த்ததும், இது ஆறு, ஆகவே பள்ளத்தாக்கு என்று முடிவுகட்டி இரண்டு நாள் வரைந்தேன். மூன்றாம் நாள்தான் அம்புக்குறி கண்ணில் உறுத்தியது. பட்டையின் இட விளிம்பு முழுக்க வெளிச்சம், வல விளிம்பில் மெல்லிய கருநிழல். வளைவுக்கு வளைவு அப்படியே. அது தரையிலிருந்து உயர்ந்து நிற்கும் வரப்பு!

ஆறு என்று நினைத்தது தவறில்லை, பள்ளம் என்று நினைத்ததுதான் தவறு. ஆற்றுப்படுகையில் படிந்த பருமணலும் கூழாங்கல்லும், நீரில் கரைந்து வந்த கனிமங்களால் இறுகிக் கெட்டிப்பட்டுவிடுகின்றன. கரையில் இருந்த மென்மையான வண்டலைக் காற்று காலங்காலமாக அரித்து எடுத்துப் போய்விடுகிறது. ஒருகாலத்தில் தாழ்ந்திருந்த படுகை இன்று மேடாக நிற்கிறது. இரண்டு நாள் வரைந்ததை அழித்தபோது எனக்கு வருத்தமே இல்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வற்றிய ஆறு எங்கே திரும்பியது என்பது வரை காற்று செதுக்கி வைத்திருந்ததே, அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கேள்வி: படங்களில் நீல மணல் தெரிகிறதே, அது உண்மை நிறமா? (வாசகர்)

பதில்: இல்லை. மார்ஸ் ரிகனைசன்ஸ் ஆர்பிட்டரில் உள்ள ஹைரைஸ் கேமரா நீலப்பச்சை, சிவப்பு, அகச்சிவப்பு ஆகிய மூன்று பட்டைகளில் பதிவு செய்கிறது. வேறுபாடு புலப்பட வேண்டும் என்பதற்காக அவற்றை மிகைப்படுத்திக் காட்டுகிறார்கள். நீலமாகத் தெரிவது பெரும்பாலும் தூசி படியாத கரிய எரிமலைப் பாறை மணல். நேரில் நின்றால் சாம்பல் கலந்த கருமையாகத் தெரியும்.

கேள்வி: ஒரு கல்லைக்கூடக் கையில் எடுக்காமல், ஒரு நிலத்துக்கு 300 கோடி வயது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? (பள்ளி ஆசிரியர்)

பதில்: இரண்டு படிகள். எது எதன்மேல் கிடக்கிறது என்பது முதல் படி. எரிமலைக் குழம்பு ஒரு பள்ளத்துக்குள் வழிந்து நிரம்பியிருந்தால் பள்ளம் மூத்தது, குழம்பு இளையது. ஒரு விரிசல் இரண்டையும் வெட்டிக்கொண்டு போனால் அது எல்லாவற்றுக்கும் இளையது. இதில் ஆண்டுக் கணக்கு கிடையாது, வரிசை மட்டும்தான். ஆனால் என் பார்வையில் மிக உறுதியான பகுதி இதுவே.

அடுத்தது எண்ணிக்கை. விண்கற்கள் ஓயாமல் விழுகின்றன, ஆகவே பழைய தரையில் பள்ளங்கள் மிகுதி. நிலவில் எந்தத் தரையில் எத்தனை பள்ளம் என்று எண்ணி, அப்பல்லோ வீரர்கள் 1969 முதல் 1972 வரை அங்கிருந்து கொண்டுவந்த பாறைகளின் வயதோடு பொருத்தி ஓர் அளவுகோல் செய்தார்கள். அதைச் செவ்வாய்க்கு ஏற்ப மாற்றிப் பயன்படுத்துகிறோம். பெரிய பள்ளம் ஒன்று உண்டாகும்போது தெறித்த கற்களும் சிறு பள்ளங்களை உண்டாக்கும். அவற்றையும் சேர்த்து எண்ணிவிட்டால் வயது கூடிவிடும். எனவே 300 கோடி என்று படித்தால், இருபுறமும் தாராளமாக இடம் விட்டுப் புரிந்துகொள்ளுங்கள்.

விண்கல் விழுவது பழங்கதையும் அல்ல. 2021 டிசம்பர் 24 அன்று, செவ்வாய்த் தரையில் இருந்த இன்சைட் கலத்தின் நில அதிர்வுமானி 4 என்ற அளவில் ஓர் அதிர்வைப் பதிவு செய்தது. பிறகு சுற்றுப்பாதைப் படங்களில் முன்பு இல்லாத ஒரு பள்ளம் தெரிந்தது. சுமார் 150 மீட்டர் அகலம், சுற்றிலும் வெள்ளை வெள்ளையாகச் சிதறிய பனிக்கட்டித் துண்டுகள்!

கேள்வி: மேலிருந்து பார்த்துச் சொன்னது பொய்த்துப்போனது உண்டா? (வாசகி)

பதில்: உண்டு. வெயில் காலத்தில் சரிவுகளில் நீண்டு, குளிர் வந்ததும் மங்கும் கருங்கோடுகளைப் பற்றி 2011இல் அறிவித்தார்கள். உப்புநீர் கசிகிறது என்று பலர் நம்பினோம். 2017இல் சரிவுகளை அளந்து பார்த்தபோது, அந்தக் கோடுகள் 27 பாகைக்கு மேல் செங்குத்தான இடங்களில் மட்டுமே இருந்தன. நீர் என்றால் சமதளத்திலும் கொஞ்சம் ஓடியிருக்கும். சரிவு குறைந்ததும் நின்றுவிடுவது உலர்ந்த மணலின் குணம்.

செவ்வாயின் ஜெசிரோ பள்ளத்தில் பலித்தது, பொய்த்தது இரண்டும் நடந்தது. அங்கே தெரிந்த விசிறி வடிவம் ஏரியில் ஆறு கலந்த டெல்டா என்று படங்களை வைத்தே சொல்லியிருந்தார்கள். 2021 பிப்ரவரி 18 அன்று இறங்கிய பெர்சிவியரன்ஸ் ஊர்தி, டெல்டாவில் அமையும் சாய்ந்த அடுக்குகளை ஒரு சிறு குன்றின் பக்கவாட்டில் காட்டியது. சாய்வு பக்கவாட்டில் பார்த்தால்தான் புரியும், நேர் மேலிருந்து பிடிபடாது. ஆனால் பள்ளத்தின் அடித்தரை ஏரி வண்டலாக இருக்கலாம் என்று எதிர்பார்த்தவர்களுக்குக் கிடைத்தது குழம்பு இறுகிய பாறை.

கேள்வி: பட்டம் எதுவும் இல்லை, அறுபதைத் தாண்டிவிட்டேன். நானும் பார்க்கலாமா? (ஓய்வுபெற்றவர்)

பதில்: தாராளமாக. ஹைரைஸ் படங்கள் எல்லாம் எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு பிக்சல் சுமார் 30 சென்டிமீட்டர். மேசை அளவுக் கல்லைக்கூட அடையாளம் காணலாம். நூறு படங்களைப் புரட்டாதீர்கள், ஒன்றை எடுத்து ஒரு வாரம் அதோடு இருங்கள். தாளில் அச்சிட்டு, சூரிய அம்பைப் போட்டு, கலர் பென்சிலால் எது எதன்மேல் கிடக்கிறது என்று எல்லைக்கோடு வரையுங்கள். ஐயமுள்ள கோட்டைப் புள்ளிக்கோடாகப் போடுங்கள், நானும் அப்படித்தான் போடுகிறேன். வரைந்ததை இதழுக்கு அனுப்பினால் உட்கார்ந்து பார்த்து எழுதுகிறேன்.